மேல்மலையில் ஒரு நலப்பணி முகாம்: வேலையை நிறுத்தச் சொன்ன இரண்டு பேர்

பின்னணி

கொடைக்கானல் நகரைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று போகும் ஊர்களை அங்கே மேல்மலை என்பார்கள். பழனி மலைத்தொடரின் உயரமான பகுதி. சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த ஊர்களின் பயிர்தான். டிசம்பர் கடைசியில் இங்கே பகலில் வெயில் இருந்தால் இதமாக இருக்கும். மூடுபனி இறங்கித் தூறலும் சேர்ந்துவிட்டால் உடம்பு நடுங்கும். தெளிவான இரவுகளில் உறைபனி விழும்.

இந்த ஊர்களில் ஒன்றில், சமவெளியைச் சேர்ந்த ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணி ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தியது. அரையாண்டு விடுமுறையில் மட்டும்தான் பள்ளிக் கட்டடம் காலியாகக் கிடைக்கும் என்பதால் டிசம்பர் கடைசி வாரம். ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான மாணவ மாணவியர். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாவாகத்தான் கொடைக்கானலைப் பார்த்திருந்தார்கள். திட்ட அலுவலர் தாவரவியல் ஆசிரியர். நான் மாணவியருக்குத் துணையாகச் சென்ற ஆசிரியை. எங்களுக்குக் கீழே மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முகாம் தலைவர். அவருக்குக் கீழே ஆறு குழுக்கள், குழுவுக்கு ஒரு தலைவர். அந்த ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு சிறப்பு முகாம், இரண்டையும் முடித்தவர்களுக்குத்தான் சான்றிதழ். பாதியில் வீட்டுக்குப் போனால் சான்றிதழ் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் மாணவர்களுக்கு எப்போதும் உண்டு. உடம்பு சரியில்லை என்று சொல்லத் தயங்குவதற்கு அதுவே போதும். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: நடாமல் திரும்பிய நாற்றுகள்

பேருந்தின் பின்பகுதி முழுக்க மரக்கன்றுகள். புங்கை, வேம்பு, பூவரசு. ஒரு நன்கொடையாளர் கொடுத்தவை. ஊருக்கு மேலே தெரியும் புல்மேட்டில் அவற்றை நடுவதுதான் முகாமின் முக்கியப் பணி என்று திட்டத்தில் எழுதியிருந்தது.

இறக்கிவைத்த கன்றுகளைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "சார், தப்பா நினைக்காதீங்க. இது எதுவும் இங்க பனிக்குத் தாங்காது. அதோட அந்த மேட்டுல மரம் வேண்டாம். புல்லு இருந்தாத்தான் எங்க ஊத்துல தண்ணி" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. பழனி மலையின் உச்சிப் பகுதியில் சோலைக்காடும் புல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இயற்கை. மழையையும் மூடுபனியையும் வாங்கி மெல்ல மெல்லக் கீழே விடுவது அந்தப் புல்வெளி. அதை வெற்று நிலம் என்று நினைத்து ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை ஏராளமாக நட்டார்கள். ஓடைகளில் நீர் குறைந்ததை மேல்மலை மக்கள் இன்றுவரை சொல்லி வருந்துகிறார்கள்.

திட்ட அலுவலர் அங்கேயே முடிவெடுத்தார். கன்றுகளை நடுவதில்லை, திரும்பிப் போகும் பேருந்திலேயே அவற்றைக் கல்லூரி வளாகத்துக்கு அனுப்பிவிடுவது. மாணவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். மரம் நடும் படம் இல்லாமல் என்ன முகாம் என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். பெரியவரையே பேசச் சொல்லி அவர்களை உட்காரவைத்தார் அலுவலர். புல்மேட்டுக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பைப் பெரியவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

சரி, ஊருக்கு என்னதான் வேண்டும்? ஊற்றிலிருந்து சேமிப்புத் தொட்டிக்கு வரும் வாய்க்கால் மண்ணும் செடியும் அடைத்துக் கிடக்கிறது, அதைத் தூர்வாரிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஊற்றும் வாய்க்காலும் காட்டு எல்லைக்கு வெளியே, ஊராட்சி நிலத்தில் இருந்தன. ஊராட்சியின் ஒப்புதல் அன்று மாலையே கிடைத்தது. அப்போது இது ஒரு சின்னத் திட்ட மாற்றமாகத்தான் தெரிந்தது. ஆனால் அலுவலர், வெளியாள் ஒருவர் "வேண்டாம்" என்றதைக் கேட்டுத் தன் திட்டத்தையே நிறுத்தியதை எல்லா மாணவர்களும் பார்த்திருந்தார்கள்.

அன்று மாலை, மலையேற்றத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது, இருட்டியபின் ஏன் தனியாகக் கழிப்பறைக்குப் போகக்கூடாது, குளிர் உடம்புக்குள் இறங்கினால் எப்படித் தெரியும். கடைசி விஷயத்துக்கு நான்கு அடையாளம் சொன்னார்: நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குளறல், காரணமில்லாத சிடுசிடுப்பு. சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள், தொட முடியாவிட்டால் உடனே வேலையை விட்டு ஆளைக் காயவையுங்கள் என்றார். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் கேட்டார்கள். ஒரு குழுத்தலைவி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள்: போட்டி

நல்ல வெயில். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு சட்டியோடு ஆறு குழுக்களும் வாய்க்காலில் இறங்கின. ஆளுக்கு ஒரு துண்டு நீளம் பிரித்துக் கொடுத்திருந்தோம். மதியத்துக்குள் எந்தக் குழு எவ்வளவு முடித்தது என்ற பேச்சு வந்துவிட்டது. அதிக நீளம் முடிக்கும் குழுவுக்கு நிறைவு விழாவில் பரிசு என்று முகாம் தலைவர் அறிவித்தார். உற்சாகத்துக்காகத்தான் செய்தார், அன்று வேலை வேகமாக நடந்ததும் உண்மை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவு நீளத்தில் இருந்தால், குழுவில் மெதுவாக வேலை செய்பவர் பாரமாகிவிடுகிறார். ஓய்வு கேட்பவர் குழுவைத் தோற்கடிக்கிறவர் ஆகிவிடுகிறார். மாலையில் கூட்டிய சுற்றுப் பேச்சில் எல்லோரும் "சூப்பரா இருக்கு சார்" என்றார்கள். யாரும் எதையும் குறையாகச் சொல்லவில்லை. இளைஞர் குழுவை நடத்துபவர்கள் இந்த மாதிரி ஒரே குரலான மகிழ்ச்சியைக் கேட்டால், மறுநாள் காலை தனித்தனியாக நான்கு பேரிடமாவது பேசிப் பார்ப்பது நல்லது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அன்றிரவு முகாம் தலைவர் ஊராட்சிக்காரர்களிடம், நான்காம் நாள் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். ஊரும் சம்மதித்தது. மாலை போட்டு ஒரு சின்ன விழா எடுக்கலாம் என்றார்கள்.

மூன்றாம் நாள்: கவனித்தவை

காலையிலிருந்தே சிறு சிறு விஷயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

சமையல் மாஸ்டர் சமவெளியிலிருந்து வந்தவர். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. சாம்பாருக்கு ஒன்பது மணி வரை காத்திருந்தும் பருப்பு விதைவிதையாகவே கிடந்தது. சட்னியை வைத்துச் சிலர் இரண்டு இட்லி சாப்பிட்டார்கள். சிலர் டீயோடு கிளம்பிவிட்டார்கள்.

ஊராட்சி சார்பில் படம் எடுக்க வந்தார்கள். முகாமின் டீ சட்டை தெரிய வேண்டும் என்று எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி மண் திட்டில் போட்டார்கள். வேலை தொடங்கியதும் உடம்பு சூடேறியதால் அவற்றைத் திரும்ப எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பதினோரு மணி வாக்கில் மூடுபனி இறங்கியது, பிறகு தூறல். திட்டில் கிடந்த ஸ்வெட்டர்கள் நனைந்தன. பெரும்பாலான பையன்கள் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். நனைந்த ஜீன்ஸ் அங்கே சாயந்தரம் வரை காயாது. நனைந்த பருத்தி உடம்புக்குச் சூடு தராது, உடம்பின் சூட்டைத்தான் உறிஞ்சும். ஊற்றுக்கு அருகே இருந்த இரண்டு குழுக்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. காற்று மேற்கிலிருந்து நேராக அந்த வளைவில் வந்து அடித்தது.

வெப்பநிலை அப்போது பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருந்திருக்கும். பனி உறையும் குளிர் இல்லை. ஆனால் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதற்கு உறைகுளிர் தேவையில்லை. ஈரம், காற்று, காலி வயிறு, களைப்பு இவை நான்கும் சேர்ந்தால் பத்து டிகிரியே போதும்.

பன்னிரண்டரை மணிக்கு, நோட்டில் எழுதிக்கொண்ட அந்தக் குழுத்தலைவி, இரண்டாம் ஆண்டு கணித மாணவி, தன் குழுவில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கவனித்தாள். காலையில் நிறையப் பேசியவர் அரை மணி நேரமாகப் பேசவில்லை. சட்டியைத் தூக்கி வரும்போது இரண்டு முறை கால் இடறினார். "என்ன தம்பி, முடியலையா?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா இருங்கக்கா" என்று எரிந்து விழுந்தார். வார்த்தைகள் தடித்து, ஒன்றில் ஒன்று ஒட்டி வந்தன. கையைப் பிடித்து, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னாள். அவரால் முடியவில்லை.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நிறுத்துங்க, எல்லாரும் மேல ஏறுங்க" என்றாள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவள் குழுவிலேயே இரண்டு பேர் தயங்கினார்கள். பக்கத்துக் குழுவிலிருந்து கேலிக் குரல் வந்தது. முகாம் தலைவர் ஓடி வந்தார். "இன்னும் முப்பது அடிதான் இருக்கு. அவனை மட்டும் உட்காரவைம்மா, மத்தவங்க முடிக்கட்டும்" என்றார். அவர் கவலையும் நியாயமானதுதான். ஊருக்குக் கொடுத்த வாக்கு அவர் தலையில் இருந்தது.

திட்ட அலுவலர் கீழ் வளைவிலிருந்து வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "அவ நிறுத்தச் சொல்லிட்டா. ஆறு குழுவும் நிறுத்துங்க. சரியா தப்பான்னு அப்புறம் பேசலாம்" என்றார்.

நான் இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே இந்த ஒரு முடிவுதான். அந்த ஒரு குழுவை மட்டும் நிறுத்தியிருக்கலாம். மற்ற ஐந்து குழுக்களும் நனைந்துதான் இருந்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் பிறகு சொன்னார். ஒரு குழு மட்டும் நின்றால், அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் தோல்விக்குக் காரணமானவர்களாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த முகாமில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காரணத்தை விசாரித்துவிட்டு முடிவெடுத்திருந்தாலும் அதே விளைவுதான். நிறுத்தச் சொல்பவர் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், சந்தேகத்தோடு நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை பேசாமலே இருந்துவிடும்.

பையனை நூறடி தள்ளியிருந்த பூண்டுக் கொட்டகைக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். வழியில் கை காலைத் தேய்த்துவிடலாம், ஓடவைத்தால் சூடேறும் என்று நண்பர்கள் அவசரப்பட்டார்கள். குழுத்தலைவி தடுத்தாள். குளிர்ந்துபோன கை கால்களைத் தேய்ப்பதாலும் ஆளை ஓடவைப்பதாலும் அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் மார்புக்குத் திரும்பி நிலைமையை மோசமாக்கலாம். செய்ய வேண்டியது எளிது: ஈர உடையைக் கழற்றுவது, தலை உட்பட உலர்ந்த கம்பளியால் மூடுவது, மார்புக்கும் அக்குளுக்கும் இதமான சூடு, நன்றாக விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம்.

கொட்டகைக்காரரின் மனைவி தன் கம்பளியையும் மகனின் உடுப்பையும் கொடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் போனவரை, "அக்கா, ஒரேயடியா நெருப்புக்கிட்ட வேண்டாம்" என்றாள் மாணவி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கருப்பட்டி போட்ட சுக்குக்காபி கொண்டுவந்தார். முதலில் நடுக்கம் அதிகமானது. பார்க்கப் பயமாக இருந்தாலும், உடம்பு தானே சூட்டை உண்டாக்கப் போராடுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். முக்கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். உடம்பு வெப்பம் இயல்புக்கு வந்திருந்தது. இரவு தனியாக விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மற்ற குழுக்களிலும் விரல் சோதனை செய்தோம். இன்னும் இரண்டு பேரால் சரியாகத் தொட முடியவில்லை. ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

பையனின் அப்பாவுக்கு அன்று மாலையே அலுவலர் போன் செய்தார். மறைக்கவில்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. "தம்பியை அனுப்பி வைச்சிடுங்க சார்" என்றுதான் முதலில் சொன்னார் அவர். பிறகு மகனிடம் பேசினார், மருத்துவரிடமும் பேசினார். முடிவை மகனிடம் விட்டார். பையன் தங்கினார்.

அதே இரவு

இரவு பத்து மணிச் சுற்றில் எல்லா அறையும் சரியாக இருந்தது. மாணவியருக்கு இரண்டு வகுப்பறைகள். நான் ஒன்றில் படுத்தேன். அடுத்த அறையில் ஒன்பது பேர்.

அந்த அறையில் ஒரு மாணவியின் கம்பளி பகலில் நனைந்திருந்தது. அவள் நடுங்குவதைப் பார்த்து மூத்த மாணவியர் இரண்டு பேர் சமையற்கட்டுக்குப் போய் நெருப்புத் துண்டு கேட்டிருக்கிறார்கள். மாஸ்டரும் பரிதாபப்பட்டு, ஒரு பாண்டு சட்டியில் கனிந்த கரியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். புகை சுத்தமாக நின்ற பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று வராமல் இருக்க முந்தின நாளே செய்தித்தாள் அடைத்திருந்தார்கள். அதில் ஈடுபட்ட எல்லோருமே அன்பினால் செய்தவர்கள்.

புகை நின்ற கரியிலும் கார்பன் மோனாக்சைடு அபாயம் உண்டு. அதற்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவர் விழிக்காமலே போகலாம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மூடிய அறையில் கரி நெருப்போடு தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. மலைவாசிகளின் வீட்டில் அடுப்பெரிந்தபடியே தூங்குகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஓட்டு வீட்டில் காற்றுப் போக இடைவெளி இருக்கும். கான்கிரீட் வகுப்பறையில், அதுவும் இடுக்கை அடைத்த பிறகு, எதுவும் இல்லை.

நள்ளிரவு தாண்டி முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலைவலியோடு விழித்தாள். பக்கத்தில் இருந்த மூத்த மாணவியை எழுப்பினாள். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும், போர்த்திட்டுப் படு" என்று பதில் வந்தது. அவள் படுக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு, தள்ளாடியபடி வந்து என்னை எழுப்பினாள். "மேடம், ரூம்ல நெருப்பு இருக்கு, எனக்குத் தலை ஒரு மாதிரி இருக்கு."

சட்டியை வெளியே வைத்து, ஒன்பது பேரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்து தலை எண்ணினோம். எழுப்பச் சிரமமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வாந்தி எடுத்தாள். வெளியே கடுங்குளிர், ஆனாலும் அந்த நேரத்தில் சுத்தமான காற்றுதான் முதலில். கம்பளியைச் சுற்றித் தாழ்வாரத்தில் உட்காரவைத்து 108ஐ அழைத்தோம். அறிகுறி இருந்த நான்கு பேரைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் பிற்பகல் எல்லோரும் நலமாகத் திரும்பினார்கள்.

மருத்துவமனையில் அந்த முதலாமாண்டுப் பெண்ணிடம், அக்கா படுக்கச் சொன்ன பிறகும் எப்படி வந்தாய் என்று கேட்டேன். "மத்தியானம் அந்த அக்கா சொன்னதும் சார் நிறுத்தினாங்கல்ல மேடம். யாரும் திட்டலையே. அதான் உங்களை எழுப்பலாம்னு தோணிச்சு" என்றாள்.

நான்காம் நாள்: வேலையில்லா நாள்

தண்ணீர் விடும் நாளாக இருக்க வேண்டியது. அலுவலர் அன்று வேலையே வேண்டாம் என்றார். எல்லாப் பெற்றோருக்கும் காலையிலேயே போன் செய்து நடந்ததைச் சொன்னோம். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். உடல்நலம் காரணமாகப் போகிறவர்கள் அடுத்த ஆண்டு முகாமில் சேர்ந்து சான்றிதழ் பெறலாம் என்று அலுவலர் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். அது வரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் அப்போது கொஞ்சம் இறங்கியது.

முகாம் தலைவரைத் தனியாக அழைத்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். நான் கூட இருந்தேன். கண்டிப்பு எதுவும் இல்லை. அந்தப் பையன் உடைந்துபோயிருந்தார். போட்டி தன்னால் வந்தது, வாக்குக் கொடுத்ததும் தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "ஊர்ல சொல்ல வேண்டியது இப்ப உன் பொறுப்புதான், நானும் வரேன்" என்றார் அலுவலர். இருவரும் பெரியவரிடம் போனார்கள். விழா தள்ளிப்போகிறது என்று முகாம் தலைவரே சொன்னார். "தண்ணி நாளைக்கும் வரும் தம்பி. புள்ளைகளைப் பாருங்க" என்றார் பெரியவர். இருபது வயதில் ஒரு தலைவனுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி இதுதான் என்று எனக்குத் தோன்றியது: கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறப் போகும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் நடந்துவருவது.

மாலைக் கூட்டத்தில் பரிசுப் போட்டி ரத்தானது. பதிலாக ஒரே ஒரு விதி. முகாமில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவுடன் நிற்க வேண்டும். காரணத்தை நின்ற பிறகுதான் கேட்க வேண்டும். சொன்னவரைக் கேலி செய்தால் அலுவலரிடம் பதில் சொல்ல வேண்டும். சமையல் மாஸ்டருக்கும் இது பொருந்தும், எங்களுக்கும் பொருந்தும்.

மீதி நாட்கள்

ஐந்தாம், ஆறாம் நாட்களில் காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரும் விரல் தொட்டுக் காட்டினார்கள். ஜீன்ஸ் கிடையாது. குளிர்ந்துபோன பையன் சமையற்கட்டில் சேர்ந்துகொண்டார். குக்கர்களை ஊரிலிருந்து கடன் வாங்கி வந்து பருப்புப் பிரச்சினையை அவர்தான் தீர்த்தார்.

ஐந்தாம் நாள் ஒரு மாணவர் "நிறுத்து" என்றார். நின்றோம். காரணம் கேட்டால், களைப்பாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். முணுமுணுப்பு எழுந்தது. அரை மணி நேரம் போனது. அலுவலர் அதையும் ஏற்றுக்கொண்டார், நானும் அதில் அவர் பக்கம்தான். விதி பொய்யாகப் பயன்படக்கூடும் என்பது உண்மை. ஆனால் பத்து வெற்று நிறுத்தங்களின் விலை ஒரு மாலை நேர வேலைதான். ஒரு நிறுத்தம் சொல்லப்படாமல் போவதன் விலையை நாங்கள் அந்த வகுப்பறை வாசலில் பார்த்திருந்தோம்.

ஏழாம் நாள் வாய்க்கால் தொட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை ஊர்க்காரர்கள் தாங்களே பொங்கலுக்குள் முடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள், முடித்தும்விட்டார்கள். தண்ணீர் ஓடும் காணொளியைப் பெரியவரின் பேரன் முகாம் தலைவருக்கு அனுப்பினான்.

அடுத்த முகாமுக்கு மாறியவை

பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது. எனவே இடத்தை மாற்றுவது என்று முடிவானது. அதே டிசம்பரில், மேல்மலைக்குப் பதிலாக உயரம் குறைந்த கீழ்மலை ஊர்களில் தங்குவது; மேல்மலையில் பகல் பணி மட்டும்.

எந்தப் பணி என்று எழுதும் முன், ஊர்க்காரர்களிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுவது. நன்கொடை நாற்று என்றால், அந்த மண்ணுக்கும் உயரத்துக்கும் உரியதா என்று விசாரித்த பிறகுதான் பெறுவது.

உடையில் பருத்திப் பேன்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் இடமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பும் குல்லாயும், தண்ணீர் புகாத உறையில், வேலை இடத்திலேயே இருக்க வேண்டும். படம் எடுப்பது வேலைக்கு முன்பு அல்ல, முடிந்து சாப்பிட்ட பிறகு. காலை உணவு சாப்பிடாதவர் வாய்க்காலில் இறங்குவதில்லை; இதைக் குழுத்தலைவர் ஒவ்வொருவரையும் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். சமையலுக்கு மலையில் சமைத்துப் பழகியவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

இரவுச் சுற்று பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு இன்னொன்று. சமையற்கட்டு அடுப்பை அணைத்து, கரியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மாஸ்டர் படுப்பார். குளிர் தாங்காதவர்களுக்கு நெருப்பு கிடையாது. வெந்நீர்ப் பை உண்டு, அடியில் வைக்கோல் பாய் உண்டு. சிமெண்ட் தரையின் குளிர் மேலே போர்த்துவதால் போகாது. அடியில் விரிப்பதால்தான் போகும். ஜன்னலில் ஒரு கை அகலம் எப்போதும் திறந்திருக்கும்.

குழுத்தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. மூத்தவர் என்பதற்காக யாரையும் வைப்பதில்லை. முகாமுக்கு முந்தைய மாதம் வளாகத்தில் நடக்கும் பணி நாட்களில், யார் மற்றவர்களைக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து எழுதி வைக்கிறோம். அந்தக் கணித மாணவி அடுத்த ஆண்டு முகாம் தலைவியானார். கதவைத் திறந்துவிட்டு என்னை எழுப்ப வந்த பெண் அவருடைய ஆறு குழுத்தலைவர்களில் ஒருத்தி. முதல் நாள் மாலைப் பேச்சை இப்போது வெளியாள் யாரும் நடத்துவதில்லை. அவர்கள் இரண்டு பேரும்தான் நடத்துகிறார்கள்.